ஷாத்தோ டிகெம்: ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின், சில வருடம் அதுவும் கிடையாது

மாலைவெயில் (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9.40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிப்பவன் அல்ல. பழைய சொத்துகள், அவற்றின் பத்திரங்கள், பங்காளிச் சண்டைகள், இவைதான் என் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் இரண்டு மாதமாக ஒரு பிரெஞ்சு ஒயின் பண்ணைக்குள் சிக்கிக் கிடக்கிறேன். யாரிடமாவது கொட்டியாக வேண்டும்.

போர்தோ நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். சோத்தெர்ன் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு குன்று, குன்றின் மேல் கோட்டை மாதிரி ஒரு வீடு. அதுதான் ஷாத்தோ டிகெம், இனிப்பு வெள்ளை ஒயினுக்குப் பேர்போன பண்ணை. 1453 வரை அந்தப் பகுதி முழுக்க இங்கிலாந்து அரசர் கையில் இருந்தது. பிறகு பிரான்ஸுக்கு வந்தது. 1593-ல் ஜாக் சோவாஜ் என்பவர் இந்த நிலத்தின் அனுபோக உரிமையை வாங்குகிறார். கவனியுங்கள், உரிமைதான், சொந்தம் இல்லை. நிலம் முழுச் சொந்தமாக அந்தக் குடும்பத்துக்கு 118 வருடம் ஆனது, 1711.

1785-ல் அந்த வீட்டுப் பெண் ஜோசஃபினுக்கும் லுயி அமெதே த லூர்-சலூஸ் பிரபுவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை பதினைந்தாம் லுயி மன்னரின் ஞானமகன். மூன்றே வருடத்தில் குதிரை விபத்தில் போய்விட்டார். பெண்ணுக்கு அப்போது இருபது வயதுதான். அடுத்த வருடம் பிரெஞ்சுப் புரட்சி. பிரபுக்களின் தலை உருண்ட காலம். இரண்டு முறை சிறையில் போட்டார்கள். வெளியே வந்து பண்ணையைக் கையில் எடுத்து, 1851-ல் சாகும்வரை விடவில்லை. அறுவடை முடிந்த சூட்டோடு பீப்பாய்களை வியாபாரிகளிடம் தள்ளிவிடுவதுதான் அன்றைய வழக்கம். இந்த அம்மாள் 1826-ல் தன் செலவில் பெரிய ஒயின் கிடங்கே கட்டினார். தன் சரக்கைத் தன் வீட்டில் வைத்தே முதிரவைப்பது என்று ஒரு விதவை எடுத்த முடிவு அது.

அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1855-ல், பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ தரகர்கள் ஒயின்களைத் தரம் பிரித்தார்கள். சிவப்பில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் நான்கும் ‘முதல் தரம்’. டிகெமுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டம்: ‘உயர் முதல் தரம்’. அந்தப் படியில் வேறு யாரும் இல்லை, இன்றுவரை.

சரி, என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம் இது. 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992, 2012. இந்த வருடங்களில் டிகெம் என்ற பெயரில் இனிப்பு ஒயின் ஒரு பாட்டில்கூட வரவில்லை. ‘இந்த வருடம் சரியில்லை’ என்று அவர்களே நிறுத்திவிட்டார்கள். வந்த விளைச்சலை வேண்டாம் என்று தள்ள எவ்வளவு திமிர் வேண்டும்? அல்லது எவ்வளவு பணம் வேண்டும்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 9.58

அண்ணா, பாதிதான் படித்தேன், மீதி அப்புறம். அதை ‘யக்வெம்’ என்று சொல்லி ஒரு விருந்தில் அசிங்கப்பட்டவன் நான். சரியான உச்சரிப்பு என்ன?

குசினிக்காரன் | சனி, இரவு 10.15

பண்ணையின் பெயர் ‘இகெம்’, முன்னால் ‘த’ சேர்ந்தால் ‘டிகெம்’. பாரிசில் 19 வருசம் ரெஸ்டோரண்ட் குசினியில் நிற்கிறேன், எனக்கே ஐந்து வருசம் பிடித்தது தம்பி. வெட்கப்பட வேண்டாம்.

மாலைவெயில் | சனி, இரவு 10.22

துணைக்குப் பெரிய ஆளே இருக்கிறார். தாமஸ் ஜெஃபர்சன் 1787-ல் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது போர்தோ பக்கம் சுற்றினார். அவருடைய பயணக் குறிப்பில் இந்தப் பண்ணைக்காரரின் பெயரை ‘மிஸ்டர் டிகெம்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். காதில் விழுந்தபடி. 1784-ஆம் வருட ஒயினில் 250 பாட்டில் வரவழைத்தார். பிறகு ஊர் திரும்பி, 1790-ல் ஜனாதிபதி வாஷிங்டனுக்கு 30 டஜன், தனக்கு 10 டஜன் என்று மறுபடியும் ஆர்டர்.

கணக்குப்புலி | சனி, இரவு 11.05

வரலாறு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை நாசூக்காக விட்டுவிட்டீர்களே மாலைவெயில் சார். இது அழுகிய திராட்சையில் செய்யும் ஒயின். பூஞ்சை பிடித்த பழம். நம் வீட்டில் தூக்கி எறிவதை, பெயர் மாற்றி, தங்கநிற உறை சுற்றி, சில நூறு யூரோவுக்கு விற்கிறார்கள். ‘இந்த வருடம் செய்யமாட்டோம்’ என்பதும் வியாபார உத்திதான். கிடைக்காத பொருளுக்குத்தான் மவுசு. இதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு மயக்கம்?

பூஞ்சாண_வாத்தியார் | ஞாயிறு, காலை 6.30

முப்பத்திரண்டு வருடம் தாவர நோயியல் நடத்தி ஓய்வு பெற்றவன். காலையில் எழுந்ததும் இதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

தம்பி சொன்னது பாதி உண்மை. அந்தப் பூஞ்சாணத்தின் பெயர் போட்ரைட்டிஸ் சினேரியா. நம் ஊரில் கொண்டைக்கடலைக்கும் ரோஜாவுக்கும் வரும் சாம்பல் பூசணம் இருக்கிறதே, அதுவேதான். ஸ்ட்ராபெர்ரி பெட்டியில் சாம்பல் முடி முளைத்தால் அதுவும் இதன் வேலை. ஒரே ஆசாமி, இடத்துக்குத் தகுந்தபடி ரவுடியாகவும் இருப்பான், ராஜாவாகவும் இருப்பான்.

வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. சோத்தெர்ன் பக்கத்தில் சிரோன் என்று ஒரு சிற்றாறு. மர நிழலிலேயே ஓடி வருவதால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அது போய்ச் சேரும் கரோன் ஆறு பெரியது, வெதுவெதுப்பானது. இலையுதிர் காலத்தில் இரண்டும் சேரும் இடத்தில் இரவோடு இரவாக மூடுபனி எழுந்து குன்றுகள் மேல் படியும். பூஞ்சாணத்துக்கு வேண்டிய ஈரம் கிடைத்துவிடும். காலை பத்து, பதினோரு மணிக்கு வெயில் வந்து பனியை விரட்டிவிடும். பூஞ்சாணம் அடங்கிவிடும். மறுநாள் மறுபடி பனி, மறுபடி வெயில்.

இப்படி விட்டுவிட்டு வளரும் பூஞ்சாணம், பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் போடுகிறது. அந்த வழியாகத் தண்ணீர் ஆவியாகிறது. சர்க்கரை, புளிப்பு, மணம் எல்லாம் உள்ளே சுண்டுகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சுகிற மாதிரிதான், அடுப்பு மட்டும் இல்லை. கூடவே பூஞ்சாணம் தன் பங்குக்குச் சில புதுப் பொருள்களையும் உண்டாக்கும். வெறுமனே வெயிலில் காய்ந்த திராட்சைக்கு அந்த மணம் வராததற்கு அதுதான் காரணம்.

மழை விடாமல் பெய்தால் கதை மாறும். வெயில் வந்து அடக்காத பூஞ்சாணம் பழத்தையே தின்றுவிடும், தோல் கிழியும், பின்னாலேயே புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நுழையும். அப்புறம் காடிதான். 2012-ல் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். கோடையில் வறட்சி, அக்டோபரில் மழை. அந்த வருடம் டிகெம் மட்டும் அல்ல, பக்கத்தில் ரியூசெக், சுதுய்ரோ போன்ற பெரிய பண்ணைகளும் இனிப்பு ஒயினை நிறுத்தின. எல்லோரும் சேர்ந்து ‘உத்தி’ செய்தார்கள் என்றா சொல்வீர்கள்?

கொடிக்கால் | ஞாயிறு, காலை 9.12

வாத்தியார் ஐயா சொல்லும் அந்தப் பனியில் மூன்று வாரம் நின்றவள் நான். டிகெமில் அல்ல, அங்கே பெரும்பாலும் வருடக்கணக்காகப் பழகிய உள்ளூர்க்காரர்கள்தான் பறிக்கிறார்கள். அதே ஊர்ப்பக்கம் ஒரு சின்னப் பண்ணையில். போர்தோவில் படித்துக்கொண்டிருந்தபோது கைச்செலவுக்காகப் போனேன்.

முதல் நாள் மேஸ்திரி அம்மா ஒரு குலையைக் கையில் தூக்கிக் காட்டினார். ஒரே குலையில் நான்கு விதமான பழம். சில மணிகள் பொன்பச்சையாக, நாம் சாப்பிடும் திராட்சை மாதிரி. சில மணிகளில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளி. சில மணிகள் முழுக்கப் பழுப்பு, தொட்டால் தோல் நழுவும். கடைசியாக, சுருங்கி, மேலே சாம்பல் தூவிய மாதிரி இருக்கும் மணிகள். அந்தக் கடைசி ரகத்துக்கு அவர்கள் ‘ரோத்தி’ என்கிறார்கள், வறுபட்டது என்று பொருள். எனக்கோ காலைப் பசியில் ரொட்டி என்று கேட்டது. நமக்கு வேண்டியது அந்த ரோத்தி மட்டும். மற்றவற்றைத் தொடக்கூடாது, அடுத்த வாரம் வந்து பறிக்க வேண்டும்.

ஆக, குலையை வெட்டுவதில்லை. சின்னக் கத்திரியின் நுனியால் மணி மணியாகக் கிள்ளி எடுப்பது. சந்தேகம் வந்தால் மூக்குக்கிட்டே கொண்டுபோக வேண்டும். குளவி கொட்டிய பழம், பறவை கொத்திய பழம் எல்லாம் பார்க்க ரோத்தி மாதிரியே இருக்கும், முகர்ந்தால் காடி வாசம் அடிக்கும். அந்த ஒரு மணி கூடைக்குள் போனால் மேஸ்திரி அம்மாவின் முகம் பார்க்கச் சகிக்காது. எட்டு மணிக்கே போய்விடுவோம், ஆனால் பனியில் பழம் நனைந்திருந்தால் பறிக்க விடமாட்டார்கள், தண்ணீர் சேர்ந்துவிடுமாம். கொடி வரிசை ஓரமாக உட்கார்ந்து வெயிலுக்குக் காத்திருப்போம். பத்தரைக்குத் தொடங்கி மதியச் சாப்பாடு வரை என் கூடையில் பாதிகூட நிறையாது. விரல் எல்லாம் பாகு. கைப்பேசியைத் தொட முடியாது.

இப்படி ஒரே கொடிக்கு நாலு தடவை போனோம். டிகெமில் சராசரியாக ஆறு தடவை, சுமார் 150 பேர், ஆறு வாரம் வரை. சில வருடங்களில் டிசம்பர் வரை இழுத்திருக்கிறது. கணக்குப்புலி அண்ணா, அந்தக் கூலியை மட்டும் போட்டுப் பாருங்கள்.

கணக்குப்புலி | ஞாயிறு, காலை 11.40

கணக்கு என்று வந்துவிட்டதால் உட்கார்ந்துவிட்டேன்.

டிகெமில் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு சுமார் 900 லிட்டர் என்கிறார்கள். சட்டப்படி சோத்தெர்ன் பகுதிக்கு 2,500 லிட்டர் வரை அனுமதி உண்டு. ஆக, அனுமதித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல்தான் எடுக்கிறார்கள். ஹெக்டேருக்கு 6,500 கொடி என்று வைத்தால், ஒரு கொடிக்கு 140 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ‘ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்’ என்பதை விளம்பர வாசகம் என்று நினைத்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். சாதாரண சிவப்பு ஒயினில் அதே கொடி கிட்டத்தட்ட ஒரு பாட்டில் தரும்.

இன்னொன்று. 113 ஹெக்டேர் நட்டிருக்கிறார்கள், எந்த நேரத்திலும் சுமார் 100 ஹெக்டேரில்தான் அறுவடை. மீதி இளங்கொடி. வருடா வருடம் இரண்டு மூன்று ஹெக்டேரைப் பிடுங்கி, நிலத்தைச் சும்மா போட்டு, மறுபடி நட்டு, கொடி முதிரும்வரை காத்திருக்கிறார்கள். முதலீட்டுக் கண்ணில் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. செலவு பத்து மடங்கு என்றால் விலையும் பத்து மடங்கு இருக்கட்டும். அதற்கு மேலே போகும் பணம் எதற்கு? பெயருக்குத்தானே?

குசினிக்காரன் | ஞாயிறு, மாலை 5.20

இண்டைக்கு லீவு, அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் இங்கே முதல் நின்ற இடம் ஒரு பெரிய ரெஸ்டோரண்ட், பேர் வேண்டாம். பாத்திரம் கழுவுகிற வேலை. ஒரு நாள் இராத்திரி பதினொரு மணிக்கு மேல் சொம்மெலியே, அதுதான் வைன் பரிமாறுகிறவர், ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். உள்ளே நிற்கும் எல்லாரையும் கூப்பிட்டார், என்னையும். போத்தலின் அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம். மேசையில் இருந்த கிழவர் ‘குசினியில் நிற்கிறவர்களுக்குக் கொடு’ என்று விட்டுப் போனாராம். 1967 டிகெம்.

வெள்ளை வைன் எண்டு சொன்னார்கள், எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிறம் அசல் நல்லெண்ணெய். லைட்டுக்கு நேரே பிடித்தால் ஓரம் செம்புப் பாத்திரம் மாதிரி மினுங்கியது. ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வந்திருக்கும். நான் குடிக்கமுதலே மணம் வந்துவிட்டது. தேன், குங்குமப்பூ, பிறகு அம்மா வெயிலில் காயவைக்கிற நாரத்தங்காய்த் தோல். வாயில் வைத்தால் இனிப்பு வருகிறது, ஆனால் திகட்டவில்லை. இனிப்புக்குப் பின்னாலேயே ஒரு புளிப்பு வந்து வாயைக் கழுவிவிட்டுப் போகிறது. கைகழுவி, வீட்டுக்குப் போற கடைசி மெட்ரோவில் இருக்கும்போதும் தொண்டையில் நின்றது. அந்த மாசம் என்ர சம்பளம் அந்தப் போத்தலின் விலைக்குக் காணாது.

கணக்குப்புலி அண்ணை, பெயருக்குத்தான் காசு என்பது சரி. நான் இல்லை எண்டு சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழவர் இரண்டு விரல் விட்டுப் போனதும் அதே பெயருக்காகத்தான்.

வேறொரு விசயம்: இனிப்பு எண்டதும் எல்லாரும் கேக்கோடு கேட்பார்கள். வேண்டாம். கேக் வைனைக் கொன்றுவிடும். ரொக்ஃபோர் சீஸோடு குடிக்க வேண்டும். நல்ல உப்பும் உறைப்பான வாசமும் உள்ள நீலப்பூஞ்சைச் சீஸ் அது. பூஞ்சைக்குப் பூஞ்சை. வாத்தியாருக்குச் சந்தோசமாக இருக்கும்.

பூஞ்சாண_வாத்தியார் | ஞாயிறு, மாலை 6.05

சந்தோஷமோ சந்தோஷம். திகட்டாததற்குக் காரணம் உண்டு தம்பி. இந்த ஒயினில் லிட்டருக்கு 120 முதல் 150 கிராம் சர்க்கரை மிச்சம் நிற்கும், கோலா பானத்தைவிட அதிகம். சாறு அவ்வளவு கெட்டியாக இருப்பதால் ஈஸ்ட் 14 சதவீத ஆல்கஹால் அளவில் களைத்துப்போய் நின்றுவிடும், மீதிச் சர்க்கரையைத் தின்ன அதற்குத் தெம்பு இருக்காது. ஆனால் பழம் சுண்டும்போது புளிப்பும் சேர்ந்து சுண்டியிருக்கிறது அல்லவா, அது சர்க்கரையைத் தூக்கிப் பிடிக்கிறது. ஒயின் நூறு வருடம் நிற்பதும் இந்த இரண்டின் தயவில்தான்.

அந்தக் குன்றையும் மறக்கக்கூடாது. மேலே கூழாங்கல், வெயிலைப் பிடித்து வைக்கும். கீழே களிமண், தண்ணீரைப் பிடித்து வைக்கும். களிமண் அளவுக்கு மீறிப் பிடித்தால் வேர் அழுகுமே என்று 19-ஆம் நூற்றாண்டில் நிலத்துக்கு அடியில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுட்டமண் வடிகால் குழாய் பதித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கோட்டையைவிட இந்தக் குழாய்கள்தான் அதிசயம்.

கொடிக்கால் | ஞாயிறு, மாலை 6.40

ஐயா, ஒரு சந்தேகம். இந்தப் பூஞ்சை ஒயினை டிகெம்தான் கண்டுபிடித்தது என்று அங்கே ஒரு கதை சொன்னார்கள். 1847-ல் முதலாளி ரஷ்யாவுக்குப் போனாராம், ‘நான் வரும்வரை பறிக்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டு. வரத் தாமதமாக, பழம் எல்லாம் பூஞ்சை பிடித்து...

மாலைவெயில் | ஞாயிறு, இரவு 8.15

நல்ல கதை, ஆனால் கதைதான். ஜெர்மனியில் யோஹானிஸ்பெர்க் மாளிகைக்கும் கிட்டத்தட்ட இதே கதை உண்டு. அங்கே அறுவடைக்கு அனுமதி கொண்டுவரும் தூதன் தாமதமாக வந்தான், 1775-ல். ஹங்கேரியின் டோக்காயில் அதற்கும் முன்பே பூஞ்சை ஒயின் செய்திருக்கிறார்கள். சோத்தெர்ன் பக்கத்திலேயே 1666-ஆம் வருடப் பத்திரம் ஒன்றில், அக்டோபர் 15 வாக்கில்தான் அறுவடை தொடங்குவது வழக்கம் என்று எழுதியிருக்கிறது. மற்ற ஊரில் எல்லாம் பறித்து முடித்திருக்கும் நேரம் அது. தெரிந்தேதான் காத்திருந்தார்கள். பூஞ்சை பிடித்த பழத்தில் செய்கிறோம் என்று வெளியே சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் விபத்தில் நடந்ததாக ஒரு கதை தேவைப்பட்டிருக்கலாம். இது என் ஊகம்தான்.

1847-க்கும் ரஷ்யாவுக்கும் உண்மையான தொடர்பு வேறு. ஜார் மன்னரின் தம்பி கான்ஸ்டன்டைன் 1859-ல் டிகெமுக்கே வந்து, 1847-ஆம் வருட ஒயினில் ஒரு தொன்னோ, அதாவது நான்கு பீப்பாய், 900 லிட்டர், 20,000 தங்க ஃபிராங்க் கொடுத்து வாங்கினார். அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விலை.

கணக்குப்புலி சாரின் ‘பெயருக்குத்தான் பணம்’ பற்றி ஒரு கிளைக்கதை சொல்கிறேன், அவர் பக்கம்தான் வலுக்கும். 1985-ல் லண்டன் ஏலத்தில் 1787 லஃபீத் பாட்டில் ஒன்று 1,05,000 பவுண்டுக்குப் போனது. கண்ணாடியில் ஜெஃபர்சனின் முதலெழுத்துகள் பொறித்திருந்தன. விற்றவர் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர். பாரிசில் சுவர் எழுப்பி மறைத்த ஒரு நிலவறையில் கிடைத்த சரக்கு என்றார். அதே சரக்கில் டிகெம் பாட்டில்களும் வந்தன. லஃபீத்தை வாங்கிய ஃபோர்ப்ஸ் குடும்பம் அதைக் காட்சிக்கு வைக்க, விளக்குச் சூட்டில் தக்கை சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது. இன்னும் நான்கு பாட்டில் வாங்கிய பில் கோக் என்ற கோடீஸ்வரர் பிற்பாடு விசாரிக்கத் தொடங்கினார். ஜெஃபர்சன் கணக்கு எழுதுவதில் கறார், வாங்கிய ஒவ்வொன்றையும் குறித்தவர். அவர் தாள்களில் இந்தப் பாட்டில்கள் இல்லை. பொறிப்பும் மின்கருவியால் செய்தது என்று வல்லுநர்கள் சொன்னார்கள். 2006-ல் கோக் வழக்குப் போட்டார். ரோடன்ஸ்டாக் கடைசிவரை மறுத்துக்கொண்டே 2018-ல் இறந்தார்.

கணக்குப்புலி | ஞாயிறு, இரவு 8.50

பார்த்தீர்களா! ஒயினுக்கு இல்லை, இரண்டு எழுத்துக்கு விலை. சரி, 2011-ல் ஒரு டிகெம் 75,000 பவுண்டுக்குப் போனதே, அது என்ன?

மாலைவெயில் | ஞாயிறு, இரவு 9.05

அது 1811 டிகெம், வால்நட்சத்திரம் தெரிந்த வருடம். வாங்கியவர் கிறிஸ்தியான் வனெக், பாரிசின் பழைய சொம்மெலியே. வெள்ளை ஒயின் பாட்டிலுக்கு அதுவரை கொடுத்த விலைகளில் அதுதான் உச்சம். பாலித் தீவில் தன் உணவகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாகச் சொன்னார்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பங்காளிச் சண்டை.

1968-ல் அலெக்ஸாந்த்ர் த லூர்-சலூஸ் கைக்குப் பண்ணை வருகிறது. அதற்கு முன் அரை நூற்றாண்டு நடத்தியவர் அவருடைய அப்பாவின் சகோதரர் பெர்த்ரான். அலெக்ஸாந்த்ர் பொறுப்பேற்ற நேரம் கெட்ட நேரம். 72, 74 இரண்டும் போயின. இனிப்பு ஒயினைச் சீந்துவாரில்லை. அப்படியும் மனிதர் தரத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. நடத்தியது இவர், ஆனால் பங்குகள் பெரும்பாலும் அண்ணன் கையிலும் மற்ற உறவினர் கையிலும் இருந்தன. ‘உலகத்திலேயே விலை உயர்ந்த தோட்டம் நம்முடையது, கையில் வருவதோ சில்லறை’ என்று அவர்களுக்கு மனக்குறை. ஒரு வருடம் ஒயினே கிடையாது என்று தம்பி அறிவித்தால் பங்குதாரர் வயிறு எரியாதா?

1996 நவம்பரில் அண்ணன் உட்பட உறவினர்கள் பாதிக்கு மேற்பட்ட பங்கை எல்விஎம்எச் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பெர்னார் அர்னோவின் கைப்பை, ஷாம்பெயின் சாம்ராஜ்யம். அலெக்ஸாந்த்ர் கோர்ட்டுக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு மேல் இழுபறி. 1999-ல் சமாதானம், அவரே நிர்வாகியாகத் தொடர்வது என்று. 2004-ல் ஓய்வு. ஷெவால் பிளான் பண்ணையை நடத்திய பியர் லுர்தோன் அந்த நாற்காலிக்கு வந்தார்.

அலெக்ஸாந்த்ர் எங்கே போனார் தெரியுமா? பக்கத்திலேயே ஃபார்க் என்ற கோட்டை. 1472 முதல் லூர்-சலூஸ் குடும்பச் சொத்து, டிகெமைவிடப் பழைய பாத்தியதை. பாதி இடிந்த சுவர்கள். அங்கேயும் இதே முறையில் இனிப்பு ஒயின் செய்துகொண்டிருந்து 2023-ல் காலமானார். 1785-ல் பெண் எடுத்து வந்த சொத்து 1999-ல் கைமாறியது, சொந்தப் பூர்வீகம் மட்டும் மிஞ்சியது.

பூஞ்சாண_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.30

கூட்டுப் பட்டா இருக்கும் வீட்டில் எல்லாம் இதுதான் கதை. நடத்துகிறவன் ஒருத்தன், கையெழுத்துப் போடுகிறவர்கள் பத்துப் பேர். ஆனால் ஒன்று கேட்கிறேன், 2012-ல் நிறுத்தியது கம்பெனி ஆட்சியில்தானே? குடும்பம்தான் தரத்தைக் காத்தது, கம்பெனி வந்ததும் போச்சு என்று சொல்ல முடியாது.

கணக்குப்புலி | ஞாயிறு, இரவு 9.42

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் ஐயா, வேறு பக்கமிருந்து. குடும்பத்தால் ஒரு வருடத்தை விட முடியாது, கம்பெனியால் முடியும். அந்த நஷ்டம் கைப்பை லாபத்தில் கரைந்துவிடும். அப்படியானால் 1974-ல் கம்பெனி பலம் இல்லாமல், சந்தையே படுத்துக் கிடந்தபோது விட்டார்களே, அதுதான் பெரிய விஷயம். ஆகா, இப்போது நானே மாலைவெயில் சார் பக்கம் சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

கொடிக்கால் | ஞாயிறு, இரவு 9.55

அப்படி விட்ட வருடத்தில் பழம், பீப்பாய் எல்லாம் என்ன ஆகும்?

மாலைவெயில் | ஞாயிறு, இரவு 10.10

பறித்தவரை ஒயினாக்கி, பெயர் இல்லாமல் மொத்த வியாபாரிகளுக்குப் போய்விடும். யாரோ ஒருவரின் சாதாரண சோத்தெர்ன் பாட்டிலுக்குள் கலந்திருக்கும், எங்கிருந்து வந்தது என்று லேபிளில் இருக்காது. நல்ல வருடத்திலும் தேறாத பீப்பாய்களுக்கு இதே கதிதான். மற்ற பெரிய பண்ணைகள் மாதிரி, கழித்த சரக்குக்கென்று ‘இரண்டாம் ஒயின்’ வைத்துக்கொள்ளவில்லை. ‘இக்ரெக்’ என்று ஒன்று உண்டு, 1959-ல் தொடங்கியது. ஆனால் அது இனிப்பில்லாத வெள்ளை ஒயின், வேறு ரகம்.

சும்மா_ஒருத்தன் | திங்கள், காலை 8.20

அண்ணா, எல்லாம் படித்தேன், அருமை. இப்போது ஒரு கேள்வி. என் நண்பன் ஒருவன் வெளிநாட்டில் நல்ல வசதியாக இருக்கிறான். ஐம்பது வயது தாண்டியதைக் கொண்டாட, பிறந்த வருட டிகெம் ஒரு பாட்டில் பேசி முடித்திருக்கிறான். இணையத்தில் பிடித்த ஒரு ஆள் தருகிறாராம். போட்டோவும் வந்திருக்கிறது, லேபிள், கிரீடம் எல்லாம் பழசாக, ஓரம் கிழிந்து, பிரமாதமாக இருக்கிறது. நாளைக்குள் முன்பணம் போட வேண்டுமாம். வாங்கலாமா? பிறந்த வருடம் 1974.

கணக்குப்புலி | திங்கள், காலை 8.24

தம்பி. முதல் பதிவை இன்னொரு தடவை படியுங்கள்.

குசினிக்காரன் | திங்கள், காலை 8.31

தம்பி, உடனே போன் எடுங்கோ அவருக்கு. அப்படி ஒரு போத்தல் உலகத்திலேயே இல்லை.

சும்மா_ஒருத்தன் | திங்கள், காலை 10.05

பணம் போடவில்லை, தப்பித்தான். விற்கிறவரிடம் ‘74-ல் டிகெமே வரவில்லையாமே’ என்று கேட்டிருக்கிறான். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு செய்தி வந்ததாம்: ‘மன்னிக்கவும், எண்ணை மாற்றிப் படித்துவிட்டேன், அது 1976.’